எடுக்கப்படாத அழைப்பின் வரலாறு

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் அதுவே. அன்று அழைத்தவர் மட்டுமன்றி அழைப்பை ஏற்றவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த புதிய முறை உள்வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. பேச்சின் செலவு முழுவதும் அழைப்பவரைச் சேர்ந்தது.

இக்கட்டண அமைப்பின் இடுக்கில் வேரூன்றியதே ‘மிஸ்டு கால்’. மணி ஒலிக்கும், திரையில் எண் தோன்றும், எடுப்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்படும். காசு செலவாகாது, செய்தியோ சேர்ந்துவிடும். ‘ஊர் வந்து சேர்ந்தேன்’, ‘வாசலில் நிற்கிறேன்’, ‘நீங்கள் அழையுங்கள்’ என்பவற்றுள் எது பொருள் என்பதை இருவருக்கும் இடையிலான முன் உடன்பாடே தீர்மானித்தது. தமிழ் இலக்கணம் கூறும் இடுகுறித் தன்மைக்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது. ‘தவறிய அழைப்பு’ என்னும் மொழிபெயர்ப்பு இவ்வழக்கிற்குப் பொருந்தாது. அங்கே எதுவும் தவறவில்லை.

குடும்பங்களுக்குள் வழங்கிய இக்குறி பொதுவெளிக்கும் வந்தது. 2011இல் அன்னா ஹசாரேயின் ஊழல் எதிர்ப்பு இயக்கம் மிஸ்டு கால் வழியாக ஆதரவு திரட்டியது. இதையே தொழிலாக்கிய பெங்களூரு நிறுவனமான ஸிப்டயலை 2015இல் ட்விட்டர் வாங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ குரல் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் இல்லையென அறிவித்ததும் இவ்வழக்கின் பொருளாதாரத் தேவை தேயத் தொடங்கியது.

இதற்கிடையே, 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீலக்குறியை அறிமுகப்படுத்தியிருந்தது. மௌனத்தின் பொருள் இங்கே தலைகீழானது. மிஸ்டு கால் வழக்கில் எடுக்காமலிருப்பது புரிந்துகொண்டதன் அடையாளம். எடுத்துவிட்டால்தான் மறுமுனையில் காசு கரையும். நீலக்குறி வழக்கில் பதில் அளிக்காமலிருப்பது புறக்கணிப்பாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது.

தொழில்நுட்பம் மனிதரை மாற்றிவிட்டது என்று பொதுப்படக் கூறுவது இவ்வேறுபாட்டை விளக்காது. நீலக்குறிக்கு நிறுவனம் வைத்த பொருள் ‘படிக்கப்பட்டது’ என்பது மட்டுமே. மனத்தாங்கலை அதன்மேல் ஏற்றியவர்கள் பயனர்களே. மிஸ்டு காலுக்குப் பொருள் தந்தவர்களும் அவர்களே. ஆயினும் அங்கே இருவரும் முன்பே பேசி வைத்திருந்தனர். நீலக்குறியின் பொருளை அனுப்பியவர் தனியே முடிவுசெய்கிறார். அம்முடிவு பெற்றவருக்குத் தெரிவதே இல்லை.