பிண்ட்போர்க்கும் முதலியார்பேட்டை மச்சானும்

எங்க முதலியார்பேட்டை நண்பன் ஒருத்தனுக்குக் கீழ்த்தாடையில வீக்கம். வலி இல்லாததால ஒரு வருசம் கண்டுக்கவே இல்ல. எக்ஸ்ரேயில முளைக்காத கடைவாய்ப்பல், அதைச் சுத்திக் கருப்பா குழி, உள்ள கோலமாவு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ரிப்போர்ட்ல ‘பிண்ட்போர்க் கட்டி’. புற்றுநோய் இல்ல, பல் உருவாகிற திசுவுல அபூர்வமா வர்ற சாதாக் கட்டி.

யாருய்யா இந்த பிண்ட்போர்க்? டென்மார்க் வாய்நோய் நிபுணர். வேற கட்டிகளோட சேத்தே எண்ணிட்டிருந்த இதை 1955ல தனி வகைன்னு பிரிச்சுக் காட்டினவர். நமக்கும் அந்நியர் இல்லீங்க. 1960கள்ல மும்பை ஃபாலி மேத்தாவோட சேர்ந்து நம்ம நாட்டுக் கிராமத்து ஜனங்களோட வாய்நோய்களை ஆராய்ஞ்சவர். வாய் இறுகிப்போற நோயைப் பத்தி 1968ல இவங்க குழு எழுதின கட்டுரைக்காகப் பரிசோதிச்ச ஆளுங்க மட்டும் 50,915 பேர்! 1995ல மறைஞ்சார்.

இப்ப மேட்டர். நூத்துல பத்து பதினஞ்சு பேருக்கு இந்தக் கட்டி திரும்ப வருது. சுரண்டி மட்டும் எடுத்தா வாய்ப்பு கூடுதல். அதான் சுத்தியிருக்கிற நல்ல எலும்பையும் கொஞ்சம் சேத்து எடுக்கறாங்க. மெதுவா வளர்றதால, திரும்பி வரவும் வருசங்கள் ஆகலாம். நம்மாளு ஆறே மாசத்துல செக்கப்பை நிறுத்திட்டான்.

“வலிக்கலையே மச்சான்”ங்கறான். மொத தடவையும் வலிக்கலையேடா! பக்கை குளோஸ் பண்ணிட்டு டெஸ்டிங்கை விட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? சனிக்கிழமை நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்.