கோட்டுக்கு வெளியே ஐந்து நொடி: த்ரோ-இன் தாமதமும் நடுவரும்

மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பரில் கூடைப்பந்தை உருவாக்கினார். அவர் வகுத்த 13 விதிகள் 1892 ஜனவரி 15 அன்று பள்ளியின் ‘ட்ரையாங்கிள்’ இதழில் அச்சாயின. ஓர் அணியில் எத்தனை பேர் ஆடலாம் என்பதைக்கூட அந்த விதிகள் வரையறுக்கவில்லை. ஆனால் த்ரோ-இன்னைத் தாமதிப்பவரை என்ன செய்வது என்பது ஒன்பதாம் விதியிலேயே இருக்கிறது. கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிய ஐந்து நொடி. அதைத் தாண்டினால் பந்து எதிரணிக்கு. ஓர் அணி விடாமல் காலம் கடத்தினால் அம்பயர் அதன்மேல் ஃபவுல் சொல்வார். அன்று ஃப்ரீ த்ரோ கிடையாது. ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல், அவ்வளவுதான்.

இந்த விதியில் குற்றவாளி பந்தை வைத்திருப்பவர். இன்றைய நடுவருக்குத் தலைவலி தருபவரோ பெரும்பாலும் பந்து கையில் இல்லாத எதிரணிக்காரர். இந்த இடமாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பந்து இன்னாருக்கு உரியது என்று விதி உறுதியாகச் சொன்ன ஒவ்வொரு முறையும், அதைப் பெறாத அணிக்குத் தாமதிக்க ஒரு காரணம் கிடைத்தது என்பது என் வாசிப்பு.

தொடக்கத்தில் அப்படி எந்த உறுதியும் இல்லை. வெளியே போன பந்தை முதலில் தொட்டவரே எறியலாம். விளைவு, தள்ளுமுள்ளு. பந்து மாடத்துக்குப் போனால் வீரர்கள் படியேறி ஓடியதை நெய்ஸ்மித்தே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தொழில்முறை ஆட்டங்களில் ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டினார்கள். அமெரிக்க நாளிதழ்கள் வீரர்களைக் ‘கேஜர்’ (கூண்டுக்காரர்) என்று எழுதியது இதனால்தான். பந்துக்காகப் பாய்கிறவருக்குத் தாமதிக்க ஏது நேரம்?

1913-இல் விதி மாறியது. கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்கே பந்து என்றானது. அடிதடி குறைந்தது, வேறொரு தந்திரத்துக்கு வழி பிறந்தது. பந்தை இழந்தவர் அதை உடனே கொடுக்காமல் வைத்திருக்கலாம், எட்ட உருட்டிவிடலாம். நடுவரே பந்தை வாங்கி எறிபவர் கையில் தரும் வழக்கத்தின் பயன் இங்கேதான் தெரிகிறது. பந்து நடுவரிடம் இருக்கும்வரை யாரும் அதை ஒளிக்க முடியாது. ஐந்து நொடி எப்போது தொடங்கியது என்பதிலும் சச்சரவு எழாது.

இந்தப் பாதுகாப்பில் ஓட்டை விழுந்தது 1937–38 பருவத்தில். அதுவரை ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவட்டத்தில் ஜம்ப் பால். அது நீக்கப்பட்டதும், கோல் வாங்கிய அணி கூடைக்குப் பின்னாலுள்ள கோட்டிலிருந்து தானே பந்தை எடுத்து எறியத் தொடங்கியது. ஆட்டத்தில் பல த்ரோ-இன்கள் இப்படி நடுவரின் கை படாதவையாயின. வலையிலிருந்து விழும் பந்தை, கோல் போட்டவர் போகிற போக்கில் ஒரு தட்டு தட்டினால் போதும். அது உருண்டோடி, எதிரணி ஓடிப்போய் எடுத்துவருவதற்குள் அவருடைய அணி தற்காப்புக்குத் திரும்பி நின்றுவிடும்.

தட்டியதெல்லாம் வேண்டுமென்றே தட்டியதாகாது. பந்து தலையிலும் தோளிலும் விழத்தான் செய்யும். ஆகவே எல்லா விதிநூல்களும் எச்சரிக்கை, பிறகு தண்டனை என்ற படிமுறைக்கு வந்து சேர்ந்தன. 1932-இல் ஜெனீவாவில் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவும், என்.பி.ஏ.வும் முதல் முறை எச்சரித்து, மறுமுறை டெக்னிகல் ஃபவுல் தருகின்றன. கடைசி இரண்டு நிமிடங்களில் ஃபிபா இன்னும் முந்திக்கொள்கிறது. எறிபவர் கையில் பந்தைக் கொடுக்கும் முன்பே, கோட்டைத் தாண்டிக் கை நீட்டாதே என்று நடுவர் சைகை காட்டிவிடுவார். அதுவே எச்சரிக்கை, அதற்குமேல் கை நீண்டால் நேரே டெக்னிகல். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் நிறுவிய சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் வழியாக நமக்கும் இந்த ஆட்டத்தோடு நெடுங்கால உறவு உண்டு. நம் ஊர் நடுவர்கள் பின்பற்றுவதும் ஃபிபா விதியைத்தான்.

படிமுறையின் பலவீனத்தைத் துல்லியமாகக் கண்டுகொண்டது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விதிநூல். அங்கே கோலுக்குப் பிறகு பந்தைத் தடுப்பது, எறிபவரை நோக்கிக் கோட்டைத் தாண்டிக் கை நீட்டுவது போன்றவற்றுக்கு அணிக்கு ஒரே எச்சரிக்கைதான். அது ஸ்கோர் புத்தகத்தில் பதிவாகும், பயிற்சியாளருக்கும் சொல்லப்படும். கோலுக்குப் பின் அங்கே கடிகாரம் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் அணி கோல் போட்டும் இன்னும் ஒரு புள்ளி பின்தங்கியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதம் நான்கு நொடி. எதிரணிக்கு எறிய ஐந்து நொடி உண்டு. சும்மா பந்தைப் பிடித்தபடி நின்றாலே அது வென்றுவிடும். டைம்-அவுட் தீர்ந்துபோன அணிக்கு மிஞ்சியிருப்பது ஒரே வழி: கோட்டைத் தாண்டிக் கையை நீட்டி, நடுவரை விசில் ஊத வைப்பது. எச்சரித்தால் கடிகாரம் நிற்கும். அதாவது குற்றம் செய்தவருக்கு இலவச டைம்-அவுட்.

ஆகவே, கடைசி ஐந்து நொடிக்குள் கடிகாரத்தை நிறுத்துவது மட்டுமே நோக்கமாக இருந்தால் கண்டுகொள்ளாமல் விடு என்கிறது அந்நூலின் விளக்கம். எறிபவருக்கு உண்மையிலேயே இடையூறு நேர்ந்தால், முன்னெச்சரிக்கை இல்லாமலே டெக்னிகல் ஃபவுல். விதியை அமல்படுத்தாமல் இருப்பதே சில நேரம் நியாயம் என்று ஒரு விதிநூல் எழுத்திலேயே ஒப்புக்கொள்வது அரிது. அதோடு, நோக்கத்தை எடைபோடும் பொறுப்பையும் அது நடுவர் தலையில் கட்டிவிடுகிறது, அதுவும் நான்கு நொடிக்குள். நீட்டிய கை எறிபவரை மறிக்கிறதா, வெறுமனே விசிலைக் கேட்கிறதா? கோட்டருகே கையை வீசி வீசி நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் நடுவர் வாயில் விசில் இருக்கும், ஊதமாட்டார். பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து எழுந்து கத்திக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிடும்.