ஐம்பத்தைந்தும் ஐம்பத்திரண்டும்: ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஒலியின் வேகம் தற்செயலானதா?

வீடியோ கேம் இசை வரலாற்றில் ஒரு கதை ஏறக்குறைய யாராலும் கேள்வி கேட்கப்படாமலே நிலைத்துவிட்டது. 1978-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆர்கேட் விளையாட்டில் எதிரி உருவங்கள் குறையக் குறையப் புரோசசரின் சுமை குறைகிறது, ஆட்டம் வேகமெடுக்கிறது, பின்னணியில் இறங்குமுகமாக ஒலிக்கும் நான்கு கீழ்ஸ்தாயிச் சுரங்களும் அந்த வேகத்தோடு இழுபட்டு ஓடுகின்றன. ஆகவே, ஆட்டக்காரரின் நெஞ்சைப் படபடக்க வைத்த அந்தத் துடிப்பை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. அது எந்திரத்தின் இயலாமை தந்த விளைவு. கதை இப்படி முடிகிறது. இதன் முதல் பாதி பெருமளவு சரி. ஒலியைப் பற்றிய இரண்டாம் பாதி தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்று எங்கோ புதைந்து கிடக்கவில்லை. விளையாட்டின் நிரலிலேயே இருக்கிறது. பரவலாகப் படிக்கப்படுவது, மிட்வே நிறுவனம் உரிமம் பெற்று அமெரிக்காவில் வெளியிட்ட பொறியின் நிரல். தலா 2 கிலோபைட் கொண்ட நான்கு ரோம் சிப்களில் மொத்தம் 8 கிலோபைட். இங்கே சொல்லப்படுவதெல்லாம் அந்தப் பாடத்தை வைத்துத்தான். அது பல ஆண்டுகளாகப் பிரித்துப் படிக்கப்பட்டு, வரிக்கு வரி விளக்கப்பட்டும் வந்திருக்கிறது. ஆனால் பொறியியல் ஆர்வலர்கள் படித்ததை இசை ஆய்வாளர்கள் பொருட்படுத்தவில்லை. கதை பிழைத்திருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதலில் அசைவைப் பார்க்கலாம். ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று என ஆட்டம் 55 உருவங்களோடு தொடங்குகிறது. இன்டெல் 8080 புரோசசர் ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. ஐம்பத்தைந்தையும் ஒரே மூச்சில் அழித்து வரைய அதனால் ஆகாது. அதனால் நிரல் ஒரு ஃபிரேமுக்கு ஓர் உருவத்தை மட்டுமே நகர்த்துகிறது. திரை நொடிக்கு 60 ஃபிரேம் காட்டுகிறது. படை முழுதும் ஒரு அடி வைக்க 55 ஃபிரேம் வேண்டும். இருபத்தெட்டே மிச்சமிருந்தால் 28 போதும். கடைசி ஒன்றோ ஒவ்வொரு ஃபிரேமிலும் அடி வைக்கும். புரோசசர் திணறுவதும் பிறகு மூச்சு விடுவதுமாகப் பலர் எழுதுவது இந்த இடத்தில் சற்றுப் பிசகுகிறது. எந்த நிலையிலும் ஒரு ஃபிரேமுக்கு ஓர் உருவம் என்ற விகிதம் மாறுவதில்லை. வரிசையில் நிற்போரின் எண்ணிக்கைதான் குறைகிறது. எனினும் இந்த ஏற்பாட்டுக்கே வன்பொருளின் வரம்புதான் காரணம் என்பதால் கதையின் முதல் பாதியோடு பெரிய சண்டை இல்லை. வடிவமைப்பாளர் டொமொஹிரோ நிஷிகாடோ, வேகம் தானாகக் கூடியதைக் கண்டு அதை அப்படியே வைத்துக்கொண்டதாகப் பிற்காலப் பேட்டிகளில் சொன்னதும் இதற்குப் பொருந்துகிறது.

ஒலி அப்படி இயங்கவில்லை. நான்கு சுரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிர்ணயிக்க நிரலில் தனியாக ஓர் அட்டவணை இருக்கிறது. தலா 16 எண்கள் கொண்ட இரண்டு வரிசைகள், அடுத்தடுத்து. முதல் வரிசை, எத்தனை உருவங்கள் மிச்சம் என்பதற்கான படிகள்: 50, 43, 36, 28, 22, 17, 13, 10, அதன்பின் 8 முதல் 1 வரை ஒவ்வொன்றாக. இரண்டாம் வரிசை, அந்தந்தப் படியில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை ஃபிரேம் என்பது: 52, 46, 39, 34, 28, 24, 21, 19, 16, 14, 13, 12, 11, 9, 7, 5. மிச்சமுள்ள எண்ணிக்கை எந்தப் படிக்குக் கீழே போகாமல் நிற்கிறதோ, அந்தப் படியின் இடைவெளியை நிரல் எடுத்துக்கொள்கிறது. உருவங்களை நகர்த்தும் பகுதிக்கு இந்த அட்டவணையோடு எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த எண்களை அசைவுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். ஆட்டத் தொடக்கத்தில் படை ஒரு அடி வைக்க 55 ஃபிரேம் எடுக்கிறது. ஒலியோ 52 ஃபிரேமுக்கு ஒருமுறை விழுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஒன்றல்ல. காது கொடுத்துக் கேட்டால் அடியும் ஒலியும் மெல்ல மெல்ல விலகிச் செல்வதை ஆட்டத்திலேயே உணரலாம். ஐம்பது மிச்சமிருக்கும்போது ஒலி இரண்டு ஃபிரேம் பிந்துகிறது; இன்னொன்றைச் சுட்டு நாற்பத்தொன்பது ஆக்கினால் மூன்று ஃபிரேம் முந்துகிறது. இப்படிப் பின்னிப் பின்னிச் சென்று, பாதி ஆட்டத்துக்குப் பிறகு ஒலி நிரந்தரமாகப் பின்தங்குகிறது. பத்து மிச்சமிருக்கையில் அசைவுக்கு 10 ஃபிரேம், ஒலிக்கு 19. எட்டில் சரியாக இரு மடங்கு. கடைசி ஒன்றில் அசைவு ஃபிரேமுக்கு ஒன்று, ஒலி ஐந்துக்கு ஒன்று. ஆட்டம் முழுவதிலும் அசைவின் வேகம் 55 மடங்கு கூடுகிறது. ஒலியின் வேகம் பத்து மடங்கு சொச்சம்தான்.

ஏன் பத்து மடங்கோடு நின்றது? ஒலி அசைவையே பின்பற்றியிருந்தால் கடைசியில் நொடிக்கு 60 தட்டுகள் விழுந்திருக்கும். நொடிக்கு ஏறத்தாழ இருபதைத் தாண்டினால் மனிதக் காது தனித்தனித் தட்டுகளைப் பிரித்துக் கேட்பதில்லை. அவை ஒட்டி ஓர் இரைச்சலாகிவிடும். அட்டவணை நிற்பது நொடிக்கு 12-இல். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 69 தட்டுகள், முடிவில் 720. ஆனால் அந்த 720-இலும் தட்டு தட்டாகவே கேட்கிறது. நான்கு சுரச் சுற்று ஒன்று முதலில் மூன்றரை நொடி எடுத்துக்கொண்டது, இறுதியில் மூன்றில் ஒரு நொடிக்குள் அடங்குகிறது. இருந்தும் அது ஒரு சுற்று என்பது செவிக்குத் தெரிகிறது. புரோசசரின் சுமை இப்படியோர் எல்லையைத் தேர்ந்தெடுக்காது. கேட்டுப் பார்த்த ஒருவர்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இதைவிட வலுவான சான்று படிகளின் அமைப்பில் இருக்கிறது. தொடக்கத்தில் ஏழெட்டு உருவங்கள் வீழ்ந்தால்தான் வேகம் ஒரு படி ஏறும். ஏழிலிருந்து ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒரு படி. அந்தப் பகுதியை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும்: ஏழுக்கு 14, ஆறுக்கு 13, ஐந்துக்கு 12, நான்குக்கு 11. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஃபிரேம்தான் குறைகிறது. வேகம் கூடுவது காதில் மெதுவாகவே படும். அதன்பின் 9, 7, 5. ஒவ்வொரு முறையும் இரண்டு ஃபிரேம். மொத்த இடைவெளியே சிறுத்துவிட்ட நிலையில் இந்த இரண்டு மிகப் பெரிய வெட்டு: நான்கிலிருந்து மூன்றுக்கு வரும்போது இடைவெளியில் ஏறத்தாழ 18 விழுக்காடு போகிறது, அடுத்து 22, கடைசியில் 29. அதற்கு முந்தைய மூன்று படிகளில் அது ஏழெட்டு விழுக்காடுதான். அதாவது வேகத்தை ஓரிடத்தில் பிடித்து வைத்து, கடைசி மூன்றில் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். எந்த நேர்விகிதச் சூத்திரமும் இந்த எண்களைத் தராது. இது காலப்பிரமாணத்தை வைத்து எழுதப்பட்ட அமைப்பு. அழுத்தம் எங்கே, விடுவிப்பு எங்கே என்று தெரிந்து எழுதப்பட்டது.

இங்கே எழக்கூடிய மறுப்புகளில் ஒன்றுக்கு மட்டும் விரிவான பதில் வேண்டும். அட்டவணை என்பது அசைவைத் தோராயமாகப் பின்பற்ற நிரலாளர் கண்ட குறுக்குவழியாக இருக்கலாமே என்பது அந்த மறுப்பு. இருக்க முடியாது. மிச்சமுள்ள உருவங்களின் எண்ணிக்கை நினைவகத்தில் ஒரு பைட்டாக எப்போதும் தயாராக இருக்கிறது. அசைவைப் பின்பற்றுவதே நோக்கமானால் அந்த எண்ணையே இடைவெளியாக எடுத்துக்கொள்வதுதான் மிகச் சுருக்கமான வழி. அதை விட்டு 32 பைட்டுகளுக்கு ஓர் அட்டவணை, அதைத் தேடிப் படிக்கத் தனி நிரல் வரிகள் என்று 8 கிலோபைட்டுக்குள் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நாளில் இந்தச் செலவை யாரும் சும்மா செய்யமாட்டார்கள். நிஷிகாடோவின் பேட்டிகளையும் இங்கே எதிர்ச்சான்றாகக் கொள்ள முடியாது. அவர் பேசுவது உருவங்கள் வேகமெடுத்ததைப் பற்றி. அதை ஒலிக்கும் நீட்டிக்கொண்டவர்கள் படித்தவர்களே. அந்த அசைவிலும்கூடக் கைவேலை இருக்கிறது: கடைசி ஒற்றை உருவம் வலப்பக்கம் போகும்போது வழக்கமான 2 பிக்சலுக்குப் பதில் 3 பிக்சல் தாவும்படி தனியாக எழுதியிருக்கிறார்கள்.

நான்கு சுரத்தை இசை என்று சொல்லலாமா என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. சுரவரிசையே இல்லாத தனி ஆவர்த்தனத்தை இசையல்ல என்று நம் இசை மரபில் யாரும் சொல்வதில்லை. எமுலேட்டரில் கேட்டதை வைத்து முடிவு செய்யலாமா என்பதும் இந்த வாதத்தைத் தொடாது. மேலே சொன்னவை ஒலிப்பதிவிலிருந்து அல்ல, நிரலிலிருந்து எடுத்தவை.

சுரங்கள் எங்கே வாழ்கின்றன என்பது கவனிக்கத் தக்கது. இந்தப் பொறியில் மென்பொருள் சுரத்தை உருவாக்குவதில்லை. நான்கு சுரத்துக்கு நான்கு ஸ்விட்ச். நிரல் அவற்றைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். ஒலி பிறப்பது அனலாக் சர்க்யூட்டில். திரையின் மேலே கடந்து போகும் பறக்கும் தட்டின் ஒலிக்கு மட்டும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்என்76477 என்ற சிப் உண்டு. அனலாக் சர்க்யூட்டில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்களின் மதிப்பு சிறிது விலகினாலும் சுருதி விலகும். பழைய பொறி ஒன்றும் இன்னொன்றும் ஒரே சுருதியில் பேசும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே இந்தச் சுரங்களை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி அதன் மேல் ஆய்வை நிறுத்துவது மணலில் வீடு கட்டும் வேலை. சுருதி பொறிக்குப் பொறி மாறும்; ரோமில் எழுதிய காலம் மாறாது. இந்த இசையின் மூலப்பாடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், காட்ட வேண்டியது அந்த 32 எண்களைத்தான். சுரங்களைத் தேடிப் போனவர்கள் அவை மிகக் குறைவு என்று கண்டு இதை ஒலி விளைவுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். தேடிய இடம் தவறு.

இதை ஒப்புக்கொண்டால் வரலாற்றின் வரிசையும் மாறும். ஆட்டத்தின் நிலைக்கேற்ப மாறும் இசை என்று வந்தாலே, மைக்கேல் லேண்டும் பீட்டர் மக்கானலும் லூகாஸ்ஆர்ட்ஸில் உருவாக்கி, 1991-இல் ‘மங்கி ஐலண்ட் 2’ விளையாட்டில் பயன்படுத்திய ஐம்யூஸ் அமைப்பிலிருந்து பேச்சைத் தொடங்குவது வழக்கம். அது பெரிய சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் ஆட்டத்தின் நிலையைப் படித்து, முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு திட்டத்தின்படி இசையின் போக்கை மாற்றுவது என்ற கருத்து அதற்கு 13 ஆண்டு முன்பே முழுமையாக இருந்திருக்கிறது. அடுத்த ஆண்டே, 1979-இல், அடாரியின் ‘ஆஸ்டராய்ட்ஸ்’ இரண்டு சுரத் துடிப்பை ஆட்டக் கட்டம் நீள நீள முடுக்கியது. அங்கே பாறைகளின் அசைவு அதோடு சேர்ந்து முடுகவில்லை. துடிப்பு மட்டும் தனியே ஓடியது. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஒலியைத் தற்செயல் என்று கொண்டவர்களால் இந்தத் தொடர்ச்சியை விளக்க முடிந்ததில்லை. 1985-இல் கோஜி கோண்டோ ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில், கடிகாரம் நூறுக்குக் கீழே இறங்கும்போது இசையை வேகமாக்கியதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

அட்டவணையின் ஒவ்வொரு எண்ணுக்கும் உள்நோக்கம் கற்பிப்பது மிகையாகும். 43-இல் ஏன் படி, 42-இல் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு போவதில் பயனில்லை. ஆயினும் தொடக்கத்தில் அசைவோடு ஒட்டி நடந்து, நடுவில் பிரிந்து, இறுதியில் செவியின் எல்லைக்குள் நின்றுகொள்ளும் ஒரு வளைவு தற்செயலாக அமைந்தது என்று நம்புவதற்கு, அதை யாரோ அமைத்தார்கள் என்று நம்புவதைவிட மிகுந்த துணிச்சல் வேண்டும்.

நடைமுறைக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் ஒலியைப் பாதுகாக்க முனைவோர் பெரும்பாலும் ஒலிப்பதிவுகளைச் சேர்க்கிறார்கள். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ போன்றவற்றில் ஒலிப்பதிவு என்பது ஒருவர் ஒருமுறை ஆடிய ஆட்டத்தின் பதிவு மட்டுமே. அவர் எந்த உருவத்தை எப்போது சுட்டார் என்பதே அதில் வேகமாகக் கேட்கிறது. நிரலும், சர்க்யூட் வரைபடமும், அந்த அட்டவணையும் சேர்த்து வைக்கப்படாத வரை இந்த இசை பாதுகாக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. விளையாட்டு இசைக்கு இனி வரலாறு எழுதுவோர், முதல் அத்தியாயத்தில் அந்த 32 எண்களையும் அப்படியே அச்சிட வேண்டும்.