குரோம்பேட்டையின் பெயரும் தோல்காரரின் தொழில் ரகசியமும்



தாம்பரம் மின்சார ரயிலில் போகிற உங்களில் பலர் தினமும் குரோம்பேட்டையைத் தாண்டுகிறீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? அது சாமி பெயருமில்லை, ஜமீன்தார் பெயருமில்லை. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் உப்பின் பெயர். சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடத்திய 'குரோம் லெதர்' தொழிற்சாலையை வைத்து ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு ரசாயனத்தின் பெயர் ஊர்ப்பெயர் ஆன கதைக்குள் நம் மாநிலத்துத் தோல் தொழிலின் சரித்திரம் பாதி அடங்கியிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பழைய மாணவன் ஒருவன் ஆம்பூர்ப் பக்கம் வீட்டு மாடியில் சின்னதாகத் தோல் பட்டறை வைத்திருக்கிறான். மணிபர்ஸ், பெல்ட், தோள்பை எல்லாம் கைத்தையல். அவனும் மனைவியும், கூட இரண்டு பேர். வேலை சுத்தமாக இருப்பதைப் பார்த்து, இதே தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் அவனிடம் சந்தேகம் கேட்கிறார்கள். "எந்தக் கடைத் தோல், என்ன நூல், என்ன விலை வைக்கணும்னு எல்லாத்தையும் கேக்கறாங்க சார். சொல்லிட்டா நாளைக்கு எனக்கே போட்டியா நிப்பாங்களே" என்பது அவன் கவலை. நியாயமான கவலைதான், மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவன் அவன். ஆனால் இதே கேள்வி இந்தத் தொழிலில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. சரித்திர வாத்தியார் என்ற முறையில் அந்தப் பழைய கணக்கை எல்லாருக்குமாக எடுத்து வைக்கிறேன்.

முதலில் கவலையிலிருந்து தொடங்குவோம். மனக்கவலை இல்லை, நீர் இறைக்கும் கவலை. தெற்கத்திக்காரர்கள் கமலை என்பார்கள். மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும்போது, சாலின் அடியில் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும். தண்ணீரை வாய்க்காலில் கொட்டுவது அதுதான். சில ஊர்களில் சாலே முழுக்கத் தோலாக இருக்கும். பம்புசெட் வரும்வரை கிணற்றுப் பாசனம் முழுக்க அந்தத் தோலை நம்பித்தான் இருந்தது. அதைப் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தவர்கள் ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டவர்கள். அவர்கள் தைத்த தோல் வழியாக ஊர் வயலெல்லாம் தண்ணீர் பாய்ந்தது. ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு குடம் இறைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. இதைச் சொல்லாமல் தோல் தொழிலின் சரித்திரத்தை எழுதினால் அது பொய்ச் சரித்திரம்.

அவர்கள் கைப்பக்குவம் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போனது. அது பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை, புத்தகத்துக்கும் வரவில்லை. அவர்கள் ரகசியம் காத்தார்கள் என்று சொல்வது தவறு. கேட்பவர்களே இல்லை என்பதுதான் உண்மை. தொட்டாலே தீட்டு என்று ஒதுக்கியவர்கள் தொழில் நுணுக்கத்தைப் பற்றி எங்கே கேட்கப் போகிறார்கள்?

அந்தப் பக்குவம் எளிதானதும் இல்லை. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்க வேண்டும். சதைப்பக்கத்தை வழித்தெடுக்க வேண்டும். பிறகு ஆவாரம் பட்டைச் சாறில் நாள்கணக்கில் ஊற வேண்டும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று மருந்துக்குச் சொல்வோமே, அதே ஆவாரைதான். வெறும் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெயிலில் செம்மை தட்டும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாறில் ஒருமுறை முக்கி எடுப்பார்கள். பிறகு எண்ணெய் தேய்ப்பார்கள். பட்டை, காய், எண்ணெய் மூன்றும் நம் காட்டிலும் தோட்டத்திலும் கிடைத்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த முறை சீராக்கப்பட்டு, இப்படிப் பதனிட்ட தோல் மதராஸ் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. வியாபாரத்தில் அதற்கு 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்று பெயர், சுருக்கமாக ஈ.ஐ. தோல். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி என்று தோல் ஷாப்புகள் பெருகின. பல ஊர்களில் முதலாளிகள் முஸ்லிம் வணிகர்கள், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்த ஈ.ஐ. தோல்தான் வேண்டியிருந்தது. அதற்காக அரசாங்கம் தோல் வியாபாரத்தையே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அந்தத் தோலுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இனி குரோமுக்கு வருவோம். மேல்நாட்டில் குரோமியம் உப்பால் பதனிடும் முறைக்கு 1884-ல் அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கினார். நாள்கணக்கில் ஆகும் வேலை மிகக் குறைந்த நேரத்தில் முடிந்தது. தோல் மிருதுவாகவும், தண்ணீருக்கு நன்றாகத் தாங்குவதாகவும் இருந்தது. மதராஸில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். எழும்பூர்க் கலைப் பள்ளியில் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியவர். அவர் 1903-ல் அரசாங்கச் செலவில் குரோம் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். அவர் மனதில் முதலில் இருந்த பொருள் எது தெரியுமா? நம் கவலைக் கிணற்றுத் தோல்தான். தண்ணீரிலேயே கிடக்கும் தோல் குரோமில் பதனிட்டால் நீடித்து உழைக்கும் என்பது அவர் கணக்கு.

சாட்டர்டன் செய்ததைக் கவனியுங்கள். செய்முறையைப் பூட்டி வைக்கவில்லை. அரசாங்கம் முன்னால் நின்று செய்து காட்ட வேண்டும், லாபம் வரும் என்று தெரிந்தால் உள்ளூர்க்காரர்கள் கற்றுக்கொண்டு தாங்களே நடத்துவார்கள் என்றார். அது நடக்கவும் செய்தது, தனியார் குரோம் தொழிற்சாலைகள் மதராஸில் வந்தன. ஆனால் வெள்ளைக்கார வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்கம் தங்களோடு போட்டியிடுகிறது என்று முறையிட்டார்கள். 1910-ல் லண்டனிலிருந்து இந்திய மந்திரி மார்லி பிரபு, அரசாங்கம் தொழில் நடத்தும் கொள்கையை ஏற்க முடியாது என்று எழுதினார். மதராஸ் அரசாங்கத்தின் குரோம் பிரிவு ரேவா சமஸ்தானத்துக்குப் போனது. கல்வி மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். 1915-ல் மதராஸில் தோல் தொழிலுக்கென்று பள்ளி வந்தது. இன்றைய தோல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அதுதான் வேர்.

இதே காலத்தில் கடல் கடந்து இன்னொரு பட்டறை நடந்தது. அதில் நம் தமிழர்களுக்குப் பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் 1910-ல் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார்கள். சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்கள் கணிசம். பண்ணைக்குச் செருப்பு வேண்டும். காலன்பாக் மரியான்ஹில் என்ற ஊரில் இருந்த ஜெர்மானியத் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்பு தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தி பண்ணையில் இருந்த இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். செருப்புகளை நண்பர்களுக்கு விற்கவும் செய்தார்கள். தன்னிடம் கற்ற பலர் தன்னையே மிஞ்சிவிட்டார்கள் என்று காந்தி சந்தோஷமாகப் பிற்பாடு எழுதினார். பாடம் நடத்திய எவருக்கும் அந்தச் சந்தோஷம் புரியும்.

தன்னைச் சிறையில் வைத்த ஸ்மட்ஸுக்கு அவர் ஒரு ஜோடிச் செருப்பு தைத்துக் கொடுத்ததும், காந்தியின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி 1939-ல் ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பியதும் உங்களுக்கு வகுப்பில் சொன்ன கதைதான். வகுப்பில் ஒன்றைச் சொல்லவில்லை. மேல்சாதி என்று எண்ணப்பட்ட குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் ஒருவர் குத்தூசியைக் கையில் எடுத்தது அன்று சின்ன விஷயம் இல்லை. தீட்டு என்று ஒதுக்கிய வேலை, கற்றுக்கொடுக்கத் தக்க வேலையாக அந்தப் பண்ணையில் மாறியது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா, சோதனைச்சாலைக் கண்டுபிடிப்பு தோல் ஷாப் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர். தோல் பதனிடுகிறவர்களும் விஞ்ஞானிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசும் கூடுகையை அந்த நிலையம் நடத்தியது. 1985-ல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் அவர் இறந்தார்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாலாறே சாட்சி. அரைப் பதனில் ஏற்றுமதி செய்வதற்கு 1970-களில் அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, முழுப் பதனீடும் குரோமும் இங்கேயே பெருகின. அந்நியச் செலாவணி வந்தது. கழிவுநீர் எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கிணறுகள் உப்பாயின, நிலம் வீணானது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியானது அந்தத் தீர்ப்பில்தான். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். உலகம் முழுதும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்பு நம் ஊர்த் தண்ணீரைப் பற்றியது.

இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்து நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது இதுதான். தம்பி, கைவேலையைச் சொல்லிக்கொடு. அது எவ்வளவு சொன்னாலும் தீராது. நீ இருபது வருஷத்தில் கையில் ஏற்றியதை ஒருவன் கேட்டுவிட்டுப் போய் மறுநாளே செய்துவிட முடியாது.

ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் இழுத்துத் தைக்கிறாயே, அதைச் சொல்லிக்கொடு. மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரியும். உன் தையலில் ஒரு இழை அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். நூலுக்குத் தேன்மெழுகு ஏன் தேய்க்கிறாய் என்பதைச் சொல். பெல்ட்டை முதுகுப் பகுதித் தோலில் வெட்டு, வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும் என்று சொல். பட்டையில் பதனிட்ட தோலை நனைத்தால் வடிவம் பிடிக்கும், அச்சுக் குத்தலாம், குரோம் தோலில் அது நிற்காது என்று சொல். வெட்டிய ஓரத்தை ஈரம் தொட்டு மரக்கட்டையால் தேய்த்து வழுவழுப்பாக்குவதையும் காட்டு.

விலை போடுவதையும் கட்டாயம் சொல்லிக்கொடு. இது தர்மத்துக்காக மட்டும் இல்லை, உனக்கும் லாபம். புதிதாக வருகிறவன் தோல் விலையும் நூல் விலையும் மட்டும் கூட்டி விற்பான். வெட்டும்போது வீணாகும் துண்டு, கொக்கி, வாடகை, கரண்ட், உட்கார்ந்து தைத்த மணிக்கணக்கு எதையும் சேர்க்க மாட்டான். அவன் ஒரு வருஷத்தில் கடையை மூடுவான். மூடுவதற்குள் வாடிக்கையாளருக்கு 'தோல் பை இந்த விலைக்குக் கிடைக்கும்' என்று பழக்கிவிட்டுப் போவான். அதை அனுபவிப்பது நீ. கணக்குத் தெரிந்த போட்டியாளன் பக்கத்தில் இருப்பது, கணக்குத் தெரியாதவன் இருப்பதைவிட உனக்குப் பாதுகாப்பு. நாலு பேர் சேர்ந்தால் பெரியமேட்டில் முழுத் தோலாக மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொள்ளவும் செய்யலாம்.

எதைச் சொல்ல வேண்டாம்? வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் அவர்கள் உன்னை நம்பிக் கொடுத்தவை. நீயே யோசித்து வரைந்த பை வடிவத்தின் அட்டை அச்சு உன்னுடையது. அவற்றை மறுப்பதில் குற்றம் இல்லை.

இன்னும் ஒன்று. தோல் வாங்கும்போது எந்தத் தோல் ஷாப்பில் வந்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்ததா என்று கேள். சின்னப் பட்டறைக்காரன் கேட்டு என்ன ஆகும் என்று நினைக்காதே. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பதில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அதில் ஒருத்தி பெண். தோல் வேலை என்றதும் முகம் சுளிக்கிற உறவினர்கள் அவள் வீட்டில் இன்னும் இருக்கிறார்களாம். அவர்களுக்காகத்தான் கவலைக் கிணற்றுக் கதையை இவ்வளவு நீட்டி எழுதினேன்.

உங்களிடம் ஒரு வேலை. உங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் கவலைத் தோல், செருப்பு, மேளம், மாட்டுக்கு வார் இவற்றைச் செய்தவர்கள் உங்கள் ஊரில் இருந்திருப்பார்கள். அவர்கள் கருவிகளுக்கும் தோல் வகைகளுக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு. அந்தக் குடும்பங்களிலிருந்து வந்து என்னிடம் படித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நீங்கள் முதலில் எழுதுங்கள். வாத்தியார் குறித்துக்கொள்கிறேன்.