ஊதியமும் ஊழியமும்: சுவார்ட்சு பாதிரியார் வாழ்வு காட்டும் சான்றுகள்

திருச்சபையை நடத்தும் மூப்பர் வருவாயை நச்சியோ பிறர் வற்புறுத்தலாலோ அன்றித் தாமே உவந்து பணிபுரிதல் வேண்டும் என்னும் கருத்துப் பேதுருவின் முதல் நிருபத்து ஐந்தாம் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. உவப்பும் அவாவும் உள்ளத்து நிகழ்வன. அவற்றை வரலாற்றாசிரியன் அறியுமாறு எங்ஙனம்? ஒருவர் கையிற் புகுந்த பொருள் பின்னர்ச் சென்ற வழியை ஆராயின் ஓரளவு அறியலாம் என்பது நம் கருத்து. கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு பாதிரியாரின் (1726–1798) வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

1750-இல் தரங்கம்பாடியை அடைந்த இச்செருமானியர், பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் ஊழியம் புரிந்தார். அந்நாளைய தஞ்சை பொருளவாவிற்கு இரையாகியிருந்தது. ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்த கும்பினியார் தஞ்சை வருவாயின்மேல் உரிமை கொண்டாடினர். அதனையொட்டி எழுந்த பூசலில் சென்னை ஆளுநர் பிகட் பிரபு 1776-இல் தம் அவையினராலேயே சிறைப்படுத்தப்பட்டு, மறு ஆண்டு இறந்தார். இச்சூழலில் வைத்தே பாதிரியாரின் செயல்களை மதித்தல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளிப் படையினர்க்குக் குருவாயிருந்தமைக்காக ஆண்டுக்கு 100 பவுன் அவருக்கு வழங்கப்பெற்றது. முதலாண்டுத் தொகை முழுவதையும் ஊழிய இல்லம் எழுப்பச் செலவிட்டார். பின்னர் ஆண்டுதோறும் பாதியைச் சபைக்கே ஈந்தார்.

1779-இல் கும்பினியின் வேண்டுகோட்கிணங்கிச் சீரங்கப்பட்டணம் சென்று ஐதர் அலியைக் கண்டார். வழிச்செலவிற்கென ஐதர் அளித்த 300 ரூபாயைச் சென்னை ஆட்சியினரிடம் ஒப்புவித்தார். அவர்கள் ஏலாது மறுக்கவே, தஞ்சையில் அறப்பள்ளி ஒன்றிற்கு முதலாக்க இசைவு பெற்றார்.

ஐதரின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டை உணவின்றி வாடியபோது, நாட்டில் நெல் இருந்தும் உழவர் கொணர்ந்திலர். முன்னர்க் கூலியின்றி ஏமாற்றப்பட்டமையே காரணம். அரசன் வாக்கையும் கும்பினி வாக்கையும் நம்பாத அவர்கள், தாமே விலை தருவதாகப் பாதிரியார் கூறியதை நம்பினர். விரைவில் 80,000 கலம் கோட்டையை அடைந்தது. அவரும் கணக்குத் தீர்த்தே அவர்களை அனுப்பினார்.

கும்பினியிடம் ஊதியம் பெற்று, அதன் தூதராயும் சென்றவர் தன்னலமற்றவர் ஆவரோ என்று வினவுவாரும் உளர். வினா தக்கதே. தூது நிகழ்ந்த மறு ஆண்டே போர் மூண்டது. அவர்தம் நன்னோக்கத்தை ஆட்சியினர் தமக்குக் கருவியாக்கினர் எனக் கொள்ள இடமுண்டு. ஆயின், பிறர்க்குக் கருவியாதல் வேறு. தமக்கெனப் பொருள் கவர்தல் வேறு. முன்னது அவர்தம் அரசியல் அறிவின் எல்லையைக் காட்டும்; அவாவிற்குச் சான்றாகாது. போர்க்காலத்தும் அவரைத் தடுக்கலாகாது என ஐதர் தம் படையினர்க்கு ஆணையிட்டமை ஈண்டு எண்ணத்தக்கது. பகைவர் தரும் சான்று நண்பர் புகழினும் வலிது.

மணம் புரியாது வாழ்ந்த அவர், எஞ்சிய உடைமையையும் ஊழியத்திற்கே விட்டுச் சென்றார். அவர்பாற் பயின்ற இரண்டாம் சரபோசி மன்னர் தம் சமயத்தின் மாறாதிருந்தும், ஆசானுக்குப் பளிங்குச் சிற்பம் அமைத்தார். மற்றொரு மாணவரான வேதநாயக சாத்திரியார் கிறித்தவத் தமிழ்க்கவிஞராய் விளங்கினார்.

பொருளைத் தொடாதாரிடத்து அவாவின்மையை அளத்தல் அரிது. பெரும்பொருள் கைவழிச் செல்லவும், அது தம்மிடம் தங்காமல் உரியாரைச் சேரச் செய்தாரிடத்தே அதனை ஐயமறக் காண்கிறோம். சபைத் தலைமையின் வரலாற்றை எழுதப்புகுவார் புகழுரைகளோடு கணக்கேடுகளையும் நாடுதல் கடனாம்.