ரூட்டான் லாங்-ஈசி

ரூட்டான் லாங்-ஈசி என்பது அமெரிக்கப் பொறியாளர் பர்ட் ரூட்டான் வடிவமைத்த, ஆர்வலர்கள் தாமே கட்டிக்கொள்ளக்கூடிய, இருவர் அமரும் சிறு வானூர்தி ஆகும். இது 1979 இல் முதன்முதலாகப் பறந்தது.

சக்கர அமைப்பு

பறக்கும்போது வெளியே நிற்கும் சக்கரங்கள் காற்றுத் தடையை மிகுவிக்கின்றன. உள்ளிழுத்தால் தடை குறையும். ஆனால் எடையும் சிக்கலும் கூடும். இறக்க மறந்தால் அடிப்பாகம் தரையில் உராய இறங்க நேரிடும். லாங்-ஈசியில் முன்சக்கரம் மட்டுமே உள்ளிழுக்கப்படுகிறது. முதன்மைச் சக்கரங்கள் இரண்டும் கண்ணாடியிழைக் கால்களில் நிலையாக உள்ளன. தடையைக் குறைக்க அவற்றுக்குக் கூம்பிய உறைகள் இடப்படுவதுண்டு. பொறி பின்புறம் இருப்பதால், ஆளில்லாதபோது வானூர்தி பின்சாயாதிருக்க, முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவர்.

இந்தியாவில்

பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் 1980களில் இவ்வடிவமைப்பைக் கொண்டு ஓர் ஆய்வு வானூர்தியைக் கட்டியது. இந்நிறுவனம் பின்னர் உருவாக்கிய ஹன்சா பயிற்சி வானூர்தியின் மூன்று சக்கரங்களும் உள்ளிழுக்கப்படாதவை.