ஆசியாவே வழிமுறை

டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் சீன இலக்கியம் படித்துக்கொண்டிருந்த தகேயுச்சி யோஷிமி, 1932-இல் முதன்முறையாகப் பெய்ஜிங் போனார். தெருவில் நடமாடிய மனிதர்கள் தமக்கு மிக நெருக்கமானவர்களாகத் தெரிந்ததில் அவருக்கு மனம் பொங்கியது. ஆனால் அவர்களோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. சீனத்தைப் பற்றி அத்தனை படித்தும், அங்கே உயிருள்ள மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை எந்தப் பாடமும் தமக்குச் சொல்லித்தரவில்லையே என்று அன்று அவருக்கு உறைத்தது. ஊடகம், பண்பாடு குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆசிய மாணவர்கள் இன்று அடிக்கடி எடுத்தாளும் ‘ஆசியாவே வழிமுறை’ என்ற எண்ணத்தின் விதை அங்கேதான் விழுந்தது என்பேன்.

விதை முளைக்க 28 ஆண்டுகள் ஆயின. இடையில் நடந்ததை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. 1934-இல் நண்பர்களோடு சேர்ந்து சீன இலக்கிய ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார் தகேயுச்சி. பழைய செவ்வியல் நூல்களோடு நின்றுவிட்ட புலமை அவர்களுக்குப் போதவில்லை. தங்கள் காலத்தில் வாழும் சீன எழுத்தாளர்களைப் படிக்க விரும்பினார்கள். அதே மனிதர்தான், பசிபிக் போர் மூண்டதும், 1942 ஜனவரியில் அதை ஆதரித்து எழுதினார். மேற்கின் பிடியிலிருந்து ஆசியாவை விடுவிக்கும் போர் என்று நம்பினார். 1943 இறுதியில் அவரையே படையில் சேர்த்துச் சீனத்துக்கு அனுப்பினார்கள். சீன எழுத்தாளர் லூ சுன் பற்றி அவர் எழுதிய நூல் 1944-இல் அச்சாகி வந்தபோது, லூ சுன் பிறந்த மண்ணில் அவர் ஆக்கிரமிப்புப் படையின் சிப்பாயாக இருந்தார். ஆசியாவின் பெயரால் எவ்வளவு பெரிய கொடுமையை நியாயப்படுத்த முடியும் என்பதை உள்ளே இருந்தே கண்டவர் அவர். பின்னாளில் அவர் சொன்னதற்கு எடை கூடுவது இதனால்தான்.

1960 ஜனவரியில் டோக்கியோவின் சர்வதேச கிறித்தவப் பல்கலைக்கழகத்தில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். மறு ஆண்டு அது ‘ஆசியாவே வழிமுறை’ என்ற தலைப்பில் அச்சில் வந்தது. ஜப்பான் தன்னை எப்போதும் மேற்கோடு மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த ஒப்பீட்டில் மூன்றாவதாக ஒரு நாட்டை, சீனத்தையோ இந்தியாவையோ, கொண்டுவந்து நிறுத்தினால் என்ன தெரியும்? இதுதான் அவர் கேட்ட கேள்வி. எடுத்துக்காட்டாக அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயியைச் சொன்னார். 1919-இல் டூயி ஜப்பானைப் பார்த்துவிட்டுச் சீனம் போன சில நாட்களில், மே 4 மாணவர் கிளர்ச்சி வெடித்தது. வெளிப்பார்வைக்கு ஒழுங்காக முன்னேறிய ஜப்பானின் நவீனம் மேற்பூச்சு என்றும், குழப்பத்தில் கிடந்த சீனத்துக்குள்ளிருந்துதான் புதிய ஆற்றல் கிளம்புகிறது என்றும் டூயி கண்டதைத் தகேயுச்சி உரையைக் கேட்டவர்களுக்கு எடுத்துக்காட்டினார். தாகூரைப் பற்றியும் பேசினார். 1916-இல் ஜப்பானுக்கு வந்து தேசியவாதத்தின் ஆபத்தைத் தாகூர் எச்சரித்தபோது, அடிமை நாட்டுக் கவிஞரின் புலம்பல் என்று ஜப்பானியர் பலர் அதை ஒதுக்கினார்கள்.

உரையின் முடிவு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேற்கு உருவாக்கிய சமத்துவம் போன்ற மதிப்புகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஆசியா அவற்றை எடுத்துத் தன் கையால் மாற்றி, உண்மையிலேயே எல்லாருக்கும் உரியவையாக ஆக்க வேண்டும் என்றார். அதற்கு ஆசியா என்ற தனிப் பொருளோ சாரமோ தேவையில்லை, வழிமுறையாக அது இருக்க முடியும் என்றார். அந்த வழிமுறை என்ன என்று தம்மால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம், அமெரிக்க ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தை அரசு நாடாளுமன்றத்தில் வலுக்கட்டாயமாக நிறைவேற்றியதை எதிர்த்துப் பேராசிரியர் வேலையை விட்டார்.

1989-இல் ஜப்பானியச் சீனவியலாளர் மிசோகுச்சி யூசோ, சீனத்தையே வழிமுறையாகக் கொள்ளும் நூலொன்றை எழுதினார். தைவானின் சென் குவான்-சிங் இந்த இழையை ஆய்வு மாணவர்களின் கைக்குக் கொண்டுவந்தார். 2000-இல் சிங்கப்பூரின் சுவா பெங் ஹுவாட்டோடு சேர்ந்து, ஆசிய நாடுகளுக்கு இடையிலான பண்பாட்டு ஆய்வுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். தகேயுச்சியின் தலைப்பையே தாங்கிய அவருடைய நூல் 2010-இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் காட்டிய வேலைமுறை எளிது. கல்கத்தாவின் ரயில் பாதையோரக் குடியிருப்பில் பட்டா இல்லாத மக்கள் சங்கம் வைத்து, கட்சிக்காரர்களோடும் அதிகாரிகளோடும் பேரம் பேசி வாழ்வதை இந்திய அரசியல் அறிஞர் பார்த்தா சாட்டர்ஜி ஆராய்ந்து, அதற்கு ‘அரசியல் சமூகம்’ என்று பெயரிட்டிருந்தார். சென் அந்தக் கருத்தைத் தைவானின் ‘மின்ஜியன்’ என்னும் சாமானியர் உலகத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தார். ஐரோப்பியக் குடிமைச் சமூகக் கோட்பாட்டின் கண்ணில் படாமல் போனது, கல்கத்தா வழியாகப் பார்த்தபோது தைபேயில் தெரிந்தது.

நம் ஊடக ஆய்வேடுகள் பலவற்றில் கோட்பாட்டு இயல் மேற்கின் பர்மிங்ஹாமிலிருந்தோ பிராங்பர்ட்டிலிருந்தோ வருகிறது. களம் மட்டும் மதுரையாகவோ யாழ்ப்பாணமாகவோ இருக்கிறது. பக்கத்து நாடுகளிலிருந்து ஒரு கேள்விகூட வருவதில்லை. எடுத்துக்காட்டாக, 1998-இல் ரஜினிகாந்தின் ‘முத்து’ படம் டோக்கியோவில் ஓடியது இங்கே பெருமைச் செய்தியாகவே நின்றுவிட்டது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் வேலை பார்த்துவிட்டு ஆய்வுக்கு வந்த இவபுச்சி கோயிச்சி 2002-இல் வெளியிட்ட நூலைப் பாருங்கள். தைவான் இளைஞர்கள் ஜப்பானியத் தொடர்களில் தங்கள் காலத்து வாழ்வையே கண்டதாகவும், ஹாங்காங் நட்சத்திரங்களின் ஜப்பானிய ரசிகைகள் தங்கள் நாடு இழந்துவிட்ட துடிப்பை அவர்களிடம் கண்டதாகவும் அவர் எழுதுகிறார். ‘முத்து’வுக்குக் கைதட்டிய ஜப்பானியர் இந்த இரண்டில் எதன் பக்கம்? அல்லது மூன்றாவதாக வேறொன்றைக் கண்டார்களா? அந்த ரசிகர்களில் பலர் இன்னும் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம்.